மெஷின் எழுதல, நான்தான் எழுதுனேன்

அந்தப் பையை மேல வெச்சுரும்மா, எனக்கு ஒரு ஓரம் போதும். ஆரப்பாளையம்தானே? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிரலாம். ஜன்னல் பக்கம் நீயே இருந்துக்க. நமக்கு நேர் முன்சீட்டுல ரெட்டைச் சடை தெரியுதா, அது என் பிள்ளை. பெத்த பிள்ளை இல்ல, எங்கிட்டப் படிக்கிற பிள்ளை. லோகேஸ்வரி, ஒம்பதாங்கிளாஸ். போடிக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல நான் தமிழ் டீச்சர். மங்கையர்க்கரசி டீச்சர்னா அந்தப் பக்கம் தெரியாத ஆளு கிடையாது.

நீ என்னம்மா, போன்ல என்னமோ கேக்குற, அது பத்தி பத்தியா எழுதித் தள்ளுது? ஆபீஸ் லெட்டரா? அந்த ஏ.ஐ.தானே? அதேதான்! அதை மூடி உள்ள வெய்யி. அதால நான் பட்ட அவமானம் எதிரிக்குக்கூட வரக்கூடாது. என்னையப் போயி... இரு, முதல்ல இருந்து சொல்றேன். நடுவுல இருந்து சொன்னா நீயும் அந்த மேடம் மாதிரி தப்பாப் புரிஞ்சுக்குவ.

பள்ளிக்கூடம் தொறந்து கொஞ்ச நாள்ல மேல இருந்து சுற்றறிக்கை வந்துச்சு. எல்லா ஸ்கூல்லயும் கற்றலில் நேர்மை வாரம்னு ஒண்ணு நடத்தணுமாம். ஏ.ஐ.யைப் பொறுப்பா எப்பிடிப் பயன்படுத்துறதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லித் தரணுமாம். எங்க ஹெச்.எம். பால்தாசு சார் அதைக் கம்ப்யூட்டர் டீச்சர்கிட்டத்தானே குடுக்கணும்? அந்தப் பொண்ணு விவரம். "சார், இதுல நேர்மைன்னு வருது. நேர்மைன்னா தமிழ்தானே"ன்னு நைசா எம்பக்கம் தள்ளி விட்டுருச்சு. நானும் வேணாம்னு சொல்லல. எங்க ஸ்கூல்ல நேர்மைன்னா யாரு? நீயே சொல்லு. உனக்கெப்பிடித் தெரியும், நானே சொல்றேன், நான்தான்.

முத நாள் பிரேயர்ல உறுதிமொழி. நானே எழுதுனேன். "எதையும் பிறரைப் பார்த்து எழுத மாட்டேன். என் சொந்த அறிவால், என் சொந்தச் சொற்களால் மட்டுமே விடையளிப்பேன்"னு நான் சொல்லச் சொல்ல, பிள்ளைங்க பூராம் கையை நீட்டிக்கிட்டு அப்பிடியே திருப்பிச் சொல்லணும். கேக்கவே அம்புட்டு அழகு. எட்டாங்கிளாஸ்ல ஒருத்தன் மட்டும் ஒரு வார்த்தையை மாத்திச் சொல்லிட்டான். விட்டனா? வெளிய நிக்க வெச்சு, நான் சொன்ன மாதிரியே சொல்லுற வரைக்கும் கிளாசுக்குள்ள விடல. சொந்தமாச் சொல்லணும்னு உறுதிமொழி எடுக்குறப்பவே இஷ்டத்துக்குச் சொன்னா எப்பிடிம்மா?

அப்புறம் வகுப்பு வகுப்பாப் போயிப் பேசுனேன். மெஷின்கிட்டக் கேட்டு எழுதுனா மூளை துருப்பிடிச்சுப் போயிரும்னேன். இந்தா முன்னால உக்காந்திருக்காளே, இவ எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டா பாரு. "டீச்சர், நோட்ஸைப் பாத்து எழுதுனா?" அது படிப்புன்னேன். "நோட்ஸை மனப்பாடம் பண்ணி எழுதுனா?" அது திறமைன்னேன். "அப்ப மெஷின் எழுதுனதை மனப்பாடம் பண்ணி எழுதுனா டீச்சர்?" அது திருட்டுன்னேன். "ரெண்டும் வேற ஆளு எழுதுனதுதானே டீச்சர்?"ன்னா. உக்காருன்னேன். கேள்வி கேக்குறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல?

கண்காட்சி வேற வெச்சோம். 'என் மூளை என் சொத்து'ன்னு பெரிய பெரிய சார்ட்டு. டிராயிங் சார்தான் பாவம் வரைஞ்சாரு, வாசகம் நான் குடுத்தேன். கீழ ஒவ்வொரு பிள்ளை பேரையும் போட்டு, மேல 'மாணவர் படைப்புகள்'னு எழுதி ஒட்டிட்டோம். பாக்க வந்த அதிகாரி அசந்து போயிட்டாரு. இந்த வயசுல இம்புட்டு முதிர்ச்சியான்னு கேட்டாரு. எனக்குச் சந்தோசம் தாங்கல.

கதை இங்கதான் ஆரம்பிக்குது. தேனியில மாவட்ட அளவுல கட்டுரைப் போட்டி. தலைப்பு, 'செயற்கை நுண்ணறிவும் கற்றலில் நேர்மையும்'. அங்க போயி ஹால்ல உக்காந்து எழுதணும். எங்க ஸ்கூலு கட்டுரைப் போட்டிக்குப் போயி வெறுங்கையோட வந்ததா சரித்திரமே இல்ல. ஏன்னா எழுதுறது நான். நான் எழுதிக் குடுப்பேன், பிள்ளை உரு போட்டுட்டுப் போயி அங்க எழுதும். எல்லா ஸ்கூல்லயும் அப்பிடித்தான், ஆனா மத்தவங்க எழுதுறது சப்புன்னு இருக்கும். இந்த வருசம் லோகேஸ்வரியை எடுத்தேன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒரு தடவை படிச்சாப் போதும், அப்பிடியே நெஞ்சுல நிக்கும்.

இவ என்ன பண்ணுனா, நான் கேக்காமயே தானா ஒரு கட்டுரை எழுதிக் கொண்டாந்துட்டா. ஆசையா எங்கிட்ட நீட்டுனா. வாங்கிப் பாத்தா எனக்குப் பகீர்னுருச்சு. "போன வருசம் கணக்கு வீட்டுப்பாடம் பூராவும் எங்க மாமா போன்ல ஏ.ஐ.கிட்டக் கேட்டு எழுதினேன். எல்லாமே சரியா இருந்தது. சார் வகுப்பையே கைதட்டச் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை." இப்பிடி ஆரம்பிக்குதும்மா! நேர்மையைப் பத்தின கட்டுரையில போயி யாராச்சும் இப்பிடி உண்மையெல்லாம் எழுதுவாங்களா? முன்னுரை இல்ல, முடிவுரை இல்ல, ஒரு உவமை இல்ல. எடுத்தவுடனே 'நான்'. கட்டுரையில 'நாம்'தான் வரணும், 'நான்' வரக்கூடாதுன்னு ஆறாங்கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தாச்சு. அவ முன்னாடியே ரெண்டாக் கிழிச்சுக் குப்பைக் கூடையில போட்டேன். மூஞ்சி சுண்டிப் போச்சு. அவ நல்லதுக்குத்தானே பண்ணுனேன்.

பதிலுக்கு என்னோடதைக் குடுத்தேன். கேளு: "அறிவியல் என்னும் ஆலமரத்தில் பழுத்த அருங்கனியே செயற்கை நுண்ணறிவு!" எப்பிடி? இது இன்னைக்கு நேத்து எழுதுனதில்லம்மா. வீட்டுக்கு வீடு டி.வி. வந்த காலத்துல எழுதுனது. அப்ப "பழுத்த அருங்கனியே தொலைக்காட்சி". அப்புறம் தொலைக்காட்சியை அடிச்சுட்டுக் கணினி. அதை அடிச்சுட்டுக் கைபேசி. இப்ப அதையும் அடிச்சுட்டு ஏ.ஐ. நல்ல எழுத்துன்னா அப்பிடித்தான், காலம் மாறுனாலும் நிக்கும். இவ அதுக்கும் ஒண்ணு கேட்டா. "ஆலம்பழத்தை யாரு டீச்சர் திம்பா?" பறவை திங்கும்டி, நீ படின்னேன்.

போயி எழுதுனா. நான் வெச்ச ஆச்சரியக்குறிகூட மாறல. முதப் பரிசு எங்களுக்குத்தான்னு ஊரு பூராம் சொல்லிட்டேன்.

அப்புறம் என்ன ஆச்சுங்குற? முடிவை நிறுத்தி வெச்சுட்டாங்க. லோகேஸ்வரியோட கட்டுரை மாதிரியே இன்னும் ரெண்டு கட்டுரை வந்துருக்காம். ஒண்ணு உத்தமபாளையம் பக்கம், ஒண்ணு பெரியகுளம் பக்கம். மூணுலயும் அதே ஆலமரம், அதே அருங்கனி, எல்லாம் அதே. ஒருத்தரை ஒருத்தரு பாத்ததே இல்லாத மூணு பிள்ளைங்க எப்பிடி ஒரே மாதிரி எழுதும்? மெஷின்கிட்ட வாங்கித்தான் மூணும் மனப்பாடம் பண்ணிட்டு வந்துருக்குன்னு நடுவர் குழு முடிவு கட்டிருச்சு. நேர்மையைப் பத்தின போட்டியிலயே திருட்டுன்னு வாட்ஸப்புல வேற சுத்த ஆரம்பிச்சிருச்சு.

அன்னைக்கு லோகேஸ்வரி ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னா. அழுதழுது கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு. "டீச்சர், எங்க தெருவுல எல்லாரும் என்னைய மெஷின் மெஷின்னு கூப்புடுறாங்க. நான் மெஷினைப் பாத்து எழுதலன்னு எங்கம்மாகிட்டயாவது வந்து சொல்லுங்க டீச்சர். அம்மா எங்கூடப் பேசவே மாட்டேங்குது"ன்னா.  ஒரு பாவமும் அறியாத பிள்ளை. விசாரணைக்குக் கூப்புட்டுருந்தாங்க. நானும் வாரேன், உன் பேருல ஒட்டுன அழுக்கைத் துடைச்சுட்டுத்தான் திரும்புவேன்னு சத்தியம் பண்ணுனேன்.

தேனிக்குப் போனோம். ஹெச்.எம். சாரும் வந்தாரு. ஒரு ரூம்ல நடுவருங்க வரிசையா உக்காந்திருக்காங்க. நடுவுல தலைவரா ஒரு மேடம், ஏதோ காலேஜ்ல இருந்து வந்தவங்களாம், குரலே உசத்தாமப் பேசுறாங்க. மூணு பிள்ளைங்களும் எதிர நிக்கிதுங்க. "பயப்படாதீங்க. எந்த ஆப்புல எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க"ன்னாங்க. மூணும் தலையைத் தொங்கப் போட்டு நிக்கிதுங்க.

எனக்கு வந்துச்சே கோவம்! எந்திரிச்சுட்டேன். "ஆப்பாவது ஒண்ணாவது மேடம்! எந்த மெஷினும் எழுதல. நான்தான் எழுதுனேன்!"

நடுவருங்க ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. நம்பலயோன்னு நினைச்சு அப்பிடியே நின்னுக்கிட்டு "அறிவியல் என்னும் ஆலமரத்தில்"னு எடுத்து விட்டேன். என்ன அதிசயம் பாரு, மூணு பிள்ளைங்களும் பின்னாலயே "பழுத்த அருங்கனியே"ன்னு சேந்து சொல்லுதுங்க! முன்னுரை முடியிற வரைக்கும் நாலு பேரும் ஒரே குரல்ல சொன்னோம், ஒரு எழுத்துப் பிசகல. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஹெச்.எம். சாரைத் திரும்பிப் பாத்தா, கர்ச்சீப்பால மூஞ்சியை மூடிக்கிட்டாரு. பெருமையில அழுகையே வந்துருச்சு மனுசனுக்கு.

"அதெல்லாம் சரி டீச்சர். மத்த ரெண்டு ஸ்கூலுக்கு எப்பிடிப் போச்சு?"ன்னாங்க மேடம். அப்பத்தான் அந்தப் பிள்ளைங்களைக் கூட்டியாந்த டீச்சருங்களை நான் சரியாப் பாத்தேன். அட, உத்தமபாளையம் பிள்ளை கூட வந்தது ஜெயசித்ரா! பெரியகுளத்துப் பிள்ளையோட வந்தவன் சவுந்தரபாண்டி! ரெண்டு பேரும் எங்கிட்டப் படிச்சதுங்க, ரெண்டு பேரும் நான் எழுதிக் குடுத்துப் பரிசு வாங்குனதுங்க. அன்னைக்கு உரு போட்டதை இன்னும் மறக்காம அவங்க பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுத்துருக்காங்க. கைபேசியை அடிச்சுட்டு ஏ.ஐ.ன்னு அவங்களே மாத்திருக்காங்க பாரு, என்னா புத்தி! "இவங்களும் என் மாணவங்கதான் மேடம்"னு கூப்புட்டுக் காமிச்சேன். ரெண்டும் வெக்கப்பட்டுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு.

மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "அப்ப மூணு பிள்ளைங்கள்ல ஒருத்தரும் ஒரு வரிகூட எழுதல." ஏன் எழுதல, மூணும் கையெழுத்து மணி மணியா இருக்கேன்னேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கிட்டாங்க. அப்புறம், "நீங்க சொல்றது சரிதான் டீச்சர். நாங்கதான் தப்பா நினைச்சுட்டோம். மெஷின் எழுதல"ன்னாங்க. கேட்டியா? அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க! அதை அப்பிடியே லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க, பிள்ளையோட அம்மாகிட்டக் காட்டணும்னு கேட்டேன். ஹெச்.எம். சாருதான் "போதும் டீச்சர், வாங்க"ன்னு கையைப் புடிச்சு இழுக்குறாரு. செயிச்சு நிக்கிறப்ப எதுக்கு இழுக்கணும்? அவருக்கு எப்பவுமே சபைக் கூச்சம் ஜாஸ்தி.

அதோட விட்டாங்களா? பெரியவங்கல்லாம் வெளிய இருங்கன்னு கதவைச் சாத்திட்டாங்க. மூணு பிள்ளைங்களுக்கும் வெறும் பேப்பரைக் குடுத்து, உங்களுக்கு நடந்ததை எழுதுங்கன்னு சொல்லிட்டாங்க. நடந்ததை எழுதச் சொல்றதெல்லாம் ஒரு தலைப்பா? வெராண்டாவுல எனக்கு இருப்பே கொள்ளல. உத்தமபாளையத்துப் பிள்ளை ஒண்ணுமே எழுத வரலன்னு அழுதுக்கிட்டே வெளிய வந்துருச்சு. பெரியகுளத்துப் பிள்ளை ஆலமரத்தையே மறுபடி எழுதிருச்சாம். நம்ம ஆளு என்ன எழுதுனான்னு நினைக்கிற? நான் கிழிச்சுப் போட்டேனே, அதே கதை! சோறு இறங்கலங்குற வரையில அப்பிடியே எழுதி வெச்சுருக்கா. எப்பிடிடி ஞாபகம் வந்துச்சுன்னு கேட்டேன். "அது எனக்கு நடந்தது டீச்சர், உரு போடாமயே ஞாபகம் இருக்கு"ன்னா.

அதைத்தான் மேடம் தேர்ந்தெடுத்துருக்காங்க. அதைத்தான்! எழுத்துப்பிழை கிடக்கு, முன்னுரை கிடையாது. அதுக்குப் போயி முதப் பரிசு. மதுரையில அடுத்த சுத்து, நாலஞ்சு மாவட்டத்துப் பிள்ளைங்க வருதாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். முடிவைக் கேட்டுட்டு அவங்கம்மா ஸ்கூல் கேட்டுல வெச்சு இவளைக் கட்டிக்கிட்டு நின்னாங்க பாரு, அதைப் பாத்ததும் எனக்கும் கண்ணு கலங்கிருச்சு.

செக்கானூரணி வந்துருச்சா? இனி வெரசாப் போயிரும். கேளு, இன்னைக்குத்தான் அந்த மதுரைப் போட்டி. இங்க ஹால்ல எழுத வேணாம், எழுதிக் கொண்டுபோயி நடுவருங்க முன்னால நின்னு வாசிக்கணும். "எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க டீச்சர்"னு எங்கிட்டக் குடுத்தா. பிழையை மட்டும் பாத்துக் குடுக்க எனக்கு மனசு வருமா? இவ போயி அத்தனை பேரு முன்னால, நான் போனைப் பாத்து எழுதுனேன்னு வாசிச்சா நம்ம ஸ்கூலு மானம் என்னாகும்? ஞாயித்துக்கிழமை பூராம் உக்காந்து சீர் பண்ணுனேன். அந்த வீட்டுப்பாடத்தை எடுத்துட்டு, 'ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு மாணவி'ன்னு போட்டேன். சோறு இறங்காததை எடுத்துட்டேன். முன்னாடி ஆலமரத்தை நட்டேன். இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுல வெச்சுக் குடுத்தேன். முழுசாப் படிச்சா, அவ எழுதுன தாள்ல பேனாவால என்னமோ குறிச்சுக்கிட்டா, ரெண்டையும் மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டா. நல்ல பிள்ளை. வழி நெடுக வாய் முணுமுணுத்துக்கிட்டே வருது பாரு, உரு போடுறா.

இன்னொரு சட்டம் வேற வெச்சுருக்காங்களாம். வாசிக்கிறதுக்கு முன்னாடி, இந்தக் கட்டுரைக்கு எந்தெந்தக் கருவிகிட்ட, யாரு யாருகிட்ட என்ன உதவி வாங்குனேன்னு வாயாலயே சொல்லணுமாம். அதை என்ன சொல்லப் போறான்னு தெரியல. நானும் எழுதிக் குடுக்க மறந்துட்டேன். லோகு! ஏ லோகு, இங்கிட்டுத் திரும்பு. அந்த உதவி விசயம் என்ன சொல்லப் போற? இந்த அக்காவையே நடுவருன்னு நினைச்சுக்க. எந்திரிச்சு நின்னு சொல்லு. கம்பியைப் புடிச்சுக்க.

"வணக்கம். என் பெயர் லோகேஸ்வரி. இந்தக் கட்டுரைக்கு ரெண்டு உதவி வாங்கினேன். முதல்ல எங்க மாமா போன்ல ஏ.ஐ.கிட்டக் கேட்டேன். முழுசா எழுதித் தரவான்னு கேட்டுச்சு. வேண்டாம், நான் எழுதினதுல எது புரியலன்னு மட்டும் சொல்லுன்னேன். ரெண்டு இடம் சொல்லுச்சு. அதை நானே மாத்தி எழுதினேன். ரெண்டாவது உதவி, எங்க தமிழ் டீச்சர் மங்கையர்க்கரசி. எழுத்துப்பிழை மட்டும் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டேன். அவங்க முழுக் கட்டுரையும் எழுதித் தந்துட்டாங்க. அதுல எழுத்துப்பிழைத் திருத்தத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன். மீதியை எடுத்துக்கல. நன்றி."

ஏம்மா, நீ ஏன் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிற?

மீதியை எடுத்துக்கலன்னா சொன்னா? ஏன்டி, ஒரு நாள் பூராம் உக்காந்து எழுதுனேன்டி...

சரி, அதை விடு. எம்பேரைச் சொன்னா, கவனிச்சியா? நடுவருங்க முன்னால சொல்லப் போறாளாம், எம்பேரை. இத்தனை வருசத்துல மேடையேறுன ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லம்மா. எப்பிடிச் சொல்லும்? கேட்டா நானே எழுதுனேன்னு சொல்லணும்னு நான்தானே சொல்லி அனுப்புவேன்.

லோகு, உக்காராத. இன்னொரு தடவை சொல்லு, சத்தமா. அந்த இடத்துல மட்டும் மொட்டையா மங்கையர்க்கரசின்னு நிறுத்தாத. எம்.ஏ., பி.எட்.னு சேத்துச் சொல்லு.